வீட்டில் சீஸைக் கெடாமல் வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீஸ் வீணாவது பெரும்பாலும் இரண்டு விதமாக. ஒன்று, ஓரமெல்லாம் காய்ந்து வெடித்துப் போவது. மற்றொன்று, உறைக்குள்ளேயே வியர்த்து, பிசுபிசுத்து, பூஞ்சை பிடிப்பது. ஒன்றைத் தடுக்கப் போனால் மற்றது வந்து நிற்கும் என்பதுதான் சிக்கல்: திறந்து வைத்தால் காயும், இறுக்கிச் சுற்றினால் பூஞ்சை வரும். எந்த சீஸுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு ஈரம் என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது.

எல்லா வகை சீஸையும் ஒரே மாதிரி வைக்கலாமா?

கூடாது. சீஸின் ஆயுளை முடிவு செய்வது அதிலுள்ள தண்ணீர். காட்டேஜ் சீஸில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான். புதிய மொசரெல்லா, ஃபெட்டா போன்றவற்றில் பாதிக்கு மேல். பிரீ, கமம்பேர் ஏறத்தாழ பாதி. செடாரில் 37 சதவீதத்தை ஒட்டி. நன்றாக முதிர்ந்த பார்மிஜானோவில் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில். கிருமிகள் பெருகத் தண்ணீர் வேண்டும்; தண்ணீர் குறைந்து உப்பும் புளிப்பும் கூடக்கூட அவற்றுக்குப் பிழைப்பில்லை. அதனால்தான் பார்மிஜானோ துண்டு மாதக்கணக்கில் நிற்கிறது, ரிக்கோட்டா ஒரு வாரத்தில் புளித்துப் போகிறது.

கையில் இருக்கும் சீஸ் எந்த வகை என்று தெரியவில்லையா? விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தம் பதியாமல் உறுதியாக இருந்தால் கடின வகை. ரப்பர் போல் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் நடுத்தரம். பள்ளம் விழுந்தால் மென்மையான வகை. கடினமானதற்கு எதிரி காய்தல். மென்மையானதற்கு எதிரி கிருமியும் மூச்சடைப்பும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

ஃப்ரிட்ஜில் எந்த இடத்தில் வைப்பது?

கீழே உள்ள காய்கறி ட்ரேயில். அங்கே விசிறிக் காற்று நேரடியாக அடிக்காது, ஈரப்பதம் கூடுதலாக இருக்கும், கதவைத் திறந்து மூடும்போது வெப்பநிலை அதிகம் ஆடாது. ஆனால் வெங்காயம், பூண்டு, வெட்டிய பழம் கிடக்கும் ட்ரேயில் சும்மா போட்டுவிடாதீர்கள். கொழுப்பு வாசனையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெங்காய வாடை ஏறிய பிரீயை மீட்க வழியே இல்லை. ட்ரேக்குள் சீஸுக்கென்று மூடி போட்ட ஒரு டப்பா வைத்து, எல்லா சீஸையும் தனித்தனியே சுற்றி அதற்குள் வைப்பதுதான் நாங்கள் பரிந்துரைக்கும் முறை.

தவிர்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. கதவுத் தட்டு: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடாகிக் குளிர்ந்து, உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். பின்சுவரை ஒட்டிய இடம்: அங்கே சில நேரம் உறையும் அளவுக்குக் குளிரும், மொசரெல்லாவும் காட்டேஜ் சீஸும் அங்கே திரிதிரியாகிவிடும்.

எத்தனை டிகிரி சரியானது?

சீஸை முதிர்விக்கும் அறைகள் பொதுவாக 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், 80 முதல் 95 சதவீத ஈரப்பதத்திலும் இருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் அதைவிடக் குளிர்ச்சி, அதைவிட மிகவும் வறட்சி. அதற்காக ஃப்ரிட்ஜின் குளிரைக் குறைக்காதீர்கள். பாலும் சமைத்த உணவும் அதே பெட்டியில்தான் இருக்கின்றன. ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழேயே இருக்கட்டும். கடினமான சீஸ்கள் 6, 8 டிகிரியிலும் சுகமாக இருக்கும், ஆனால் மென்மையானவற்றுக்கு 4 டிகிரியைத் தாண்டவே கூடாது.

ஃப்ரிட்ஜில் உள்ள எண் பொத்தான் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. 1 முதல் 5 வரை என்பது குளிர்ச்சியின் அளவு மட்டுமே. ஒரு டம்ளர் தண்ணீரில் சிறிய தெர்மாமீட்டரைப் போட்டு, சீஸ் வைக்கும் இடத்திலேயே இரவு முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்த உடனே படியுங்கள். அதுதான் உண்மையான அளவு.

கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையிலேயே விட்டுவிட்டால் என்ன?

பிரிக்காத, காற்று உறிஞ்சி அடைத்த பாக்கெட் என்றால் அப்படியே இருக்கட்டும். பிரிக்கும்வரை அதைவிடப் பாதுகாப்பான உறை வீட்டில் கிடையாது.

கடையில் வெட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொடுத்த துண்டுகள்தான் பிரச்சினை. முதிர்ந்த சீஸில் நுண்ணுயிர்களும் நொதிகளும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஈரமும் வாயுவும் வெளியே வந்துகொண்டே இருக்கும். இறுக்கமான பிளாஸ்டிக் இரண்டையும் உள்ளேயே அடைத்துவிடும். மேற்பரப்பில் நீர்த்துளி கோக்கும், அந்த ஈரத்தில் பூஞ்சை முளைக்கும், பிரீ போன்றவற்றில் அம்மோனியா வாடை தேங்கும். போதாததற்கு, பிளாஸ்டிக்கின் வாசனை சீஸின் கொழுப்பில் ஏறும். வெட்டிய முகத்தை முகர்ந்தாலே தெரியும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உறையை மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே சில நாள் பிளாஸ்டிக்கிலேயே கிடந்திருந்தால், சாப்பிடும் முன் கத்தியின் முதுகால் வெட்டு முகத்தை ஒரு மில்லிமீட்டர் சுரண்டி எடுத்துவிட்டால் அந்த வாடை போய்விடும்.

அப்படியானால் எதில் சுற்றுவது? எப்படி?

இதற்கென்றே சீஸ் பேப்பர் என்று விற்கிறது. வெளிப்பக்கம் தாள், உள்பக்கம் மெல்லிய, நுண்துளையிட்ட பிளாஸ்டிக் படலம். ஈரத்தைத் தேவையான அளவு பிடித்து வைத்து, மிஞ்சியதை வெளியே விடும். அது கிடைக்காவிட்டால் மெழுகுத்தாள் அல்லது பேக்கிங் செய்யப் பயன்படும் பட்டர் பேப்பர் போதும். ஆனால் தாள் மட்டும் சுற்றினால் இரண்டே நாளில் சீஸ் காய்ந்துவிடும். வெளியே இன்னொரு தடை வேண்டும்: வாய் முழுதும் மூடாத ஜிப் பை, அல்லது மூடி போட்ட டப்பா.

சுற்றும் முறை இது:

1. கையைக் கழுவித் துடையுங்கள். வெட்டு முகத்தை விரலால் தொடாமல், தோல் பக்கத்தைப் பிடித்தே கையாளுங்கள். பூஞ்சை பெரும்பாலும் கைரேகை பட்ட இடத்தில்தான் முதலில் முளைக்கும்.
2. மேற்பரப்பில் ஈரம் தெரிந்தால் சமையலறைத் தாளால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.
3. சீஸைப் போல மூன்று மடங்கு அகலமுள்ள தாளின் நடுவில் துண்டைக் குறுக்காக வையுங்கள்.
4. முதலில் வெட்டு முகத்தின் மேல் தாளை மடித்து, காற்று இடைவெளி இல்லாமல் படியவிடுங்கள். பிறகு பக்கங்களை மடித்து, நுனியைக் கீழே செருகுங்கள் அல்லது டேப் ஒட்டுங்கள். தோல் பக்கம் தளர்வாக இருந்தால் பரவாயில்லை. சீஸ் மூச்சு விடுவது அந்த வழியாகத்தான்.
5. தாளின் மேல் பெயரும் பிரித்த தேதியும் எழுதுங்கள்.
6. டப்பாவிலோ பையிலோ போட்டு ட்ரேயில் வையுங்கள்.

ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதுத்தாளில் சுற்றுவது நல்லது. குறைந்தது வாரம் ஒரு முறையாவது மாற்றுங்கள். கசங்கி, ஈரமாகி, எண்ணெய் ஊறிய தாளையே திரும்பத் திரும்பச் சுற்றுவதும் பிளாஸ்டிக்கில் சுற்றுவதும் கடைசியில் ஒன்றுதான்.

தாள் எதுவும் கையில் இல்லை. டப்பா மட்டும் இருக்கிறது.

கடினமான, நடுத்தர சீஸ்களுக்கு அதுவே போதும். டப்பாவின் அடியில் மடித்த சமையலறைத் தாளை விரித்து, சீஸை மேலே வைத்து மூடுங்கள். தாள் நனைந்தால் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து காற்றை மாற்றிவிடுங்கள். செடார் போன்றவற்றின் வெட்டு முகத்தில் வாசனையற்ற சமையல் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவினால் காய்வது தள்ளிப்போகும். மென்மையான சீஸுக்கு எண்ணெய் வேண்டாம்.

காற்று உறிஞ்சும் கருவியால் அடைத்து வைக்கலாமா?

பார்மிஜானோ, செடார், கௌடா போன்ற கடினமான பெரிய துண்டுகளுக்கு அது மிகவும் நல்லது. பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும்; அது இல்லாவிட்டால் வளராது. பெரிய கட்டியை வாங்கியவர்கள் ஒரு வாரத்துக்கான துண்டுகளாக வெட்டி, தனித்தனியே அடைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். அடைத்ததும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பிரித்த பின் சாப்பிடுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது தாளில் தளர்வாகச் சுற்றி வைத்தால் அடைபட்ட வாடை கலையும்.

பிரீ போன்ற வெள்ளைத்தோல் சீஸ், உள்ளே நீலப் பூஞ்சை ஓடும் நீலச் சீஸ், ரிக்கோட்டா போன்ற முதிர்விக்காத புதிய சீஸ் எதையும் இப்படி அடைக்காதீர்கள். நசுங்கும், தோலின் பூஞ்சை மடியும், உள்ளிருக்கும் நீர் பிதுங்கி வரும். காற்றில்லாத ஈரத்தில் பெருகக்கூடிய தீய கிருமிகளும் உண்டு.

பூஞ்சை வந்துவிட்டது. வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

கடினமான சீஸ் என்றால் சாப்பிடலாம். பூஞ்சை தெரியும் இடத்திலிருந்து எல்லாப் பக்கமும், ஆழத்திலும், குறைந்தது 2.5 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி எறியுங்கள். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புள்ளி பூஞ்சையின் மேல்பகுதிதான். அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். சீஸ் கெட்டியாக இருந்தால் அவை அதிக ஆழம் போக முடியாது என்பதால்தான் இந்த அளவு. வெட்டும்போது கத்தி பூஞ்சைக்குள் போகக் கூடாது. போனால் வித்துகளை நல்ல பகுதிக்கு நீங்களே இழுத்துச் செல்கிறீர்கள். வெட்டி முடித்ததும் கத்தியையும் பலகையையும் கழுவி, மீதிச் சீஸைப் புதுத்தாளில் சுற்றுங்கள்.

மேலாகச் சுரண்டி எடுப்பது போதாது. துண்டே சிறியது, 2.5 சென்டிமீட்டர் வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது என்றால் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

மென்மையான சீஸ், க்ரீம் சீஸ், காட்டேஜ் சீஸ், ரிக்கோட்டா, துருவிய சீஸ், உதிர்த்த சீஸ், ஸ்லைஸ்: இவற்றில் சீஸ் செய்யும்போது சேர்க்காத பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் முழுவதும் குப்பைக்குத்தான். ஈரமான சீஸில் இழை கண்ணுக்குத் தெரியாமல் தூரம் ஓடும். சில பூஞ்சைகள் நச்சையும் உண்டாக்கும். கூடவே பாக்டீரியாவும் வந்திருக்கும். சமைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சை நச்சுகள் பல, சமையல் சூட்டில் அழிவதில்லை.

பிரீயின் வெள்ளைத் தோலும் பூஞ்சைதானே? எது நல்லது, எது கெட்டது?

ஆமாம், பூஞ்சைதான். அது பெனிசிலியம் கமம்பெர்ட்டி என்ற வகை. சீஸ் செய்யும்போதே சேர்ப்பது. நீலச் சீஸில் இருப்பது பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி. இவற்றைத் தோலோடும் நரம்போடும் சாப்பிடலாம். வாங்கியபோது இல்லாத நிறம் புதிதாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: வெள்ளைத் தோலில் கறுப்பு, இளஞ்சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள், நீலச் சீஸின் வெண்பகுதியில் இளஞ்சிவப்போ பழுப்போ கலந்த வழவழப்பு. பிரீயின் வெட்டு முகத்தில் வெள்ளைப் பூ மறுபடி மெல்லப் படர்ந்தால் அது அதே நல்ல பூஞ்சை தன் தோலை மீண்டும் கட்டுவது, கெடுதல் இல்லை.

சீஸின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பூஞ்சையா, உப்பா?

பெரும்பாலும் இரண்டுமில்லை. விரலால் தேய்த்துப் பாருங்கள். மெத்தென்று பஞ்சாகத் தேய்ந்து வந்தால் பூஞ்சை. மணல்போல் நறநறவென்று இருந்தால் படிகம். செடாரின் மேற்பரப்பில் வருவது கால்சியம் லாக்டேட். பார்மிஜானோ, பழைய கௌடாவின் உள்ளே பல்லில் கடிபடும் வெள்ளைப் புள்ளிகள் டைரோசின் என்ற அமினோ அமிலப் படிகங்கள். நீண்ட நாள் முதிர்ந்ததன் அடையாளம். இவற்றைப் பூஞ்சை என்று நினைத்துப் பலர் நல்ல சீஸை எறிந்துவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு.

நீலச் சீஸை மற்றவற்றோடு வைத்தால் என்ன ஆகும்?

அதன் வித்துகள் பறந்து பக்கத்துச் சீஸிலெல்லாம் நீலம் பூக்கும். அதை அலுமினியத் தாளில் முழுமையாகச் சுற்றி, தனி டப்பாவில் வையுங்கள். தாள் சுற்றினால் இந்தச் சீஸ் வேகமாக ஈரமிழக்கும். அலுமினியம் ஈரத்தையும் வித்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். உப்பும் புளிப்பும் நீண்ட நாள் பட்டால் அலுமினியத்தில் சிறு ஓட்டை விழும், ஆகையால் வாரத்துக்கொரு முறை மாற்றுங்கள். ஆரஞ்சு நிறப் பிசுபிசுத் தோலுள்ள, கடும் மணச் சீஸ்களுக்கும் தனி டப்பாதான். அவை மற்றவற்றைக் கெடுக்காது, ஆனால் மணம் எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

பிரீயைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கிற அம்மோனியா வாடை. கெட்டுவிட்டதா?

உடனே எறியாதீர்கள். புரதம் சிதையும்போது அம்மோனியா இயல்பாகவே உண்டாகிறது; உறைக்குள் அது தேங்கியிருக்கலாம். உறையை நீக்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். வாடை தணிந்து, உள்ளே வெண்ணெய்ப் பதத்தில் இருந்தால் அன்றே சாப்பிட்டுவிடுங்கள். தணியவே இல்லை, தோல் பழுப்பாகிவிட்டது, ஓரம் தண்ணீராக ஓடுகிறது, நாக்கில் வைத்தால் எரிகிறது என்றால் அது முற்றிப் போய்விட்டது.

தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லாவைப் பிரித்த பிறகு எப்படி வைப்பது?

அது வந்த நீரிலேயே. அந்த நீரில் சிறிதளவு உப்பும் சீஸிலிருந்து கரைந்த கால்சியமும் சேர்ந்து ஒரு சமநிலையில் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு வெறும் குழாய் நீரில் போட்டால், உப்பும் கால்சியமும் சீஸிலிருந்து வெளியேறி, மேற்பரப்பு ஊதி வழவழத்துவிடும்.

நீர் கொட்டிப்போய்விட்டால், காய்ச்சி ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் (5 கிராம்) உப்பைக் கரைத்து அதில் மூழ்க வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வந்த நீரிலேயே வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள். சுத்தமான கரண்டியால்தான் எடுக்க வேண்டும். விரல் பட்டாலே நீர் கலங்கிவிடும்.

ஃபெட்டா வழவழத்துப் போகிறதே?

உப்புநீர் தவறு. பலரும் வெறும் உப்பையும் தண்ணீரையும் கலந்து ஊற்றுகிறார்கள். அதில் கால்சியமும் புளிப்பும் இல்லை. சீஸ் தன்னிடமுள்ள கால்சியத்தை அந்த நீருக்கு இழக்கும், புரதப் பிணைப்பு தளரும், மேற்பரப்பு கரையத் தொடங்கும்.

முடிந்தவரை ஃபெட்டா வந்த உப்புநீரையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்ய வேண்டுமானால், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அயோடின் கலக்காத உப்பு 35 கிராம் (ஏறத்தாழ 7 சதவீதம்) கரைத்து, முழுவதும் ஆறவிடுங்கள். சீஸ் செய்யும் பொருட்கள் விற்கும் இடத்தில் 30 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசல் கிடைக்கும். அதில் 2 மில்லிலிட்டரும், சில துளி வெள்ளை வினிகரும் சேர்த்தால் வழவழப்பு வராது. சீஸ் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில்தான் பூஞ்சை உட்காரும். சாப்பிடும்போது உப்புக் கரித்தால் அன்றைக்கு வேண்டிய துண்டை மட்டும் அரை மணி நேரம் பாலிலோ தண்ணீரிலோ ஊறவையுங்கள்.

துருவிய சீஸ் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

பரப்பு. ஒரு கட்டியைத் துருவும்போது காற்றும் வித்தும் படக்கூடிய பரப்பு பல மடங்காகிறது. பாக்கெட்டில் வரும் துருவல் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது கெடாமல் காப்பதற்கானதல்ல. பிரித்த பாக்கெட்டின் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை மூடி, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். கை விட்டு அள்ளாதீர்கள். கட்டியாக வாங்கித் தேவைப்படும்போது துருவுவதே மேல். சுவையிலும் ஆயுளிலும் அதற்கு ஈடில்லை.

ப்ராசஸ்டு சீஸ் ஸ்லைஸ், க்யூப், ஸ்ப்ரெட்?

இவை ஏற்கெனவே சூடாக்கி, சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்புகள் சேர்த்து உருக்கி வார்த்தவை. முதிர்வது நின்றுவிட்டது, மூச்சு விடத் தேவையில்லை. எனவே தாள் ஆலோசனை இவற்றுக்குப் பொருந்தாது. பாக்கெட்டை இறுக மூடி, பிரித்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து, உறையில் போட்டிருக்கும் நாளுக்குள் முடியுங்கள். ஸ்ப்ரெட் டப்பாவில் ரொட்டித்தூள் ஒட்டிய கத்தியை மறுபடி விடுவதுதான் அது கெடுவதற்கு முதற்காரணம்.

ஃப்ரீசரில் வைக்கலாமா?

சமையலுக்கு என்றால் வைக்கலாம், அப்படியே சாப்பிட என்றால் வேண்டாம். சீஸிலுள்ள நீர் பனிக்கட்டியாகும்போது புரத வலையைக் கிழித்துவிடும். பனி உருகியதும் சீஸ் பிடிமானமில்லாமல் உதிரும். உருக்கிச் சமைத்தால் இந்தக் குறை தெரியாது.

செடார், கௌடா, ஈரம் குறைந்த மொசரெல்லா ஆகியவற்றை 250 கிராமுக்கு மிகாத, 2.5 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டுகளாக வெட்டுங்கள். இங்கே மட்டும் பிளாஸ்டிக்கை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். ஃப்ரீசரின் வறண்ட காற்று பட்டால் வெளுத்துக் காய்ந்துவிடும். மேலே ஒரு ஜிப் பை, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி. மைனஸ் 18 டிகிரி. இரண்டு மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தினால் சுவை நிற்கும். பனி உருகவிடுவதை ஃப்ரிட்ஜிலேயே ஓர் இரவு முழுக்கச் செய்யுங்கள், வெளியே மேசையில் அல்ல. உருகியதை மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள், மறுபடி உறையவிடாதீர்கள்.

துருவலாக உறையவிடுவது இன்னும் வசதி. 200 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் சோளமாவு தூவிக் கலந்து, பையில் தட்டையாகப் பரப்பி வையுங்கள். பனி உருகவிடாமலேயே அள்ளிப் போடலாம்.

பிரீ, ரிக்கோட்டா, காட்டேஜ் சீஸ் ஆகியவற்றை உறையவிட்டால் நீர் பிரிந்து வீணாகும். க்ரீம் சீஸ் மணல்போல் திரியும். இன்னொன்று: உறைநிலை கிருமிகளைக் கொல்லாது, தூங்க மட்டுமே வைக்கும். கெடத் தொடங்கிய சீஸை ஃப்ரீசரில் போட்டுக் காப்பாற்ற முடியாது.

பிரித்த பிறகு எத்தனை நாள்?

நன்றாகச் சுற்றி, 4 டிகிரியில் வைத்தால் ஏறத்தாழ இப்படி. ரிக்கோட்டா, காட்டேஜ் சீஸ், பிரீ, கமம்பேர்: ஒரு வாரம். க்ரீம் சீஸ்: பத்து நாள் முதல் இரண்டு வாரம். நீலச் சீஸ்: இரண்டு மூன்று வாரம். செடார், கௌடா: மூன்று முதல் ஆறு வாரம். பார்மிஜானோ கட்டி: இரண்டு மாதத்துக்கும் மேல், உறையை மாற்றிக்கொண்டே இருந்தால். அச்சிட்ட தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு மட்டுமே. பிரித்த நாளிலிருந்து இந்தக் கணக்குத்தான்.

பிரிக்காத புதிய சீஸ் டப்பா ஊதியிருந்தால் உள்ளே வாயு உண்டாக்கும் கிருமிகள் வேலை செய்கின்றன என்று பொருள். சுவைத்துப் பார்க்கவே வேண்டாம்.

காய்ந்து கல்லாகிவிட்ட ஓரத்தை என்ன செய்வது?

காய்ந்தது கெட்டதல்ல. மெலிதாகச் சீவி எடுத்து, துருவி, சமையலில் போடுங்கள். பார்மிஜானோவின் இயற்கைத் தோலைச் சேர்த்து வைத்து சூப்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் அதன் உப்பும் மணமும் இறங்கும். ஃப்ரீசரில் பல மாதம் இருக்கும். மெழுகுப் பூச்சுத் தோலையும், சிவப்பு, மஞ்சள், கறுப்பு பிளாஸ்டிக் பூச்சுத் தோலையும் மட்டும் எறிந்துவிட வேண்டும். வெட்டும்போதே தோலை முழுவதும் சீவிவிடாதீர்கள். அன்றைக்கு வேண்டியதற்கு மட்டும் நீக்குங்கள். தோல் இருக்கும் பக்கம் காயாது.

சாப்பிடும் முன் வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறார்களே, அது பாதுகாப்பா?

குளிரில் கொழுப்பு இறுகியிருக்கும், மணம் வெளிவராது. மென்மையானதை அரை மணி, கடினமானதை ஒரு மணி நேரம் முன்னால் எடுங்கள். உறையைப் பிரிக்காமல் எடுங்கள். குளிர்ந்த சீஸைத் திறந்து வைத்தால் அறைக்காற்றின் ஈரம் அதன் மேல் துளிகளாகப் படியும், மீதியைத் திரும்பச் சுற்றும்போது அந்த ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் வெட்டி எடுத்து, பெரிய துண்டை உடனே உள்ளே வைத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

மென்மையான சீஸ் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கடினமான சீஸ் அதற்கு மேலும் தாங்கும், ஆனால் எண்ணெய் கசிந்து ரப்பராகிவிடும். குளிரவைத்தாலும் பழைய பதம் திரும்பாது.

கர்ப்பிணிகள் வீட்டில் இருக்கிறார்கள். தனிக் கவனம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா மற்ற பல கிருமிகளைப் போல ஃப்ரிட்ஜ் குளிரில் அடங்கிவிடுவதில்லை. 4 டிகிரியிலும் மெல்லப் பெருகும். நிறம், மணம், சுவை எதையும் மாற்றாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸை முற்றிலும் தவிர்க்க வேண்டும். பாஸ்டரைஸ் செய்த பாலில் செய்ததாக இருந்தாலும், பிரீ, கமம்பேர், நீலச் சீஸ் போன்றவற்றை ஆவி பறக்க நன்றாகச் சூடாக்கிச் சமைத்தால் மட்டுமே கொடுங்கள். பார்மிஜானோ, செடார் போன்ற கடின வகைகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு. எவ்வளவு கவனமாகச் சுற்றி வைத்தாலும் இந்தக் கிருமியை அது தடுக்காது.

மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் சூடாகிவிட்டது. எதை வைத்துக்கொள்வது?

கதவைத் திறக்காமலிருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போய், உள்ளே 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் கடந்திருந்தால்: மென்மையான சீஸ், க்ரீம் சீஸ், புதிய சீஸ், துருவிய சீஸ் எல்லாவற்றையும் எறியுங்கள். கடினமான கட்டிகளும் ப்ராசஸ்டு சீஸும் பிழைத்துவிடும். மேற்பரப்பைத் துடைத்துப் புது உறையில் சுற்றி, முதலில் அவற்றைத் தீருங்கள்.

எவ்வளவுதான் கவனித்தாலும் எல்லாச் சீஸிலும் ஒரே மாதிரிப் பூஞ்சை வந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

அப்படியென்றால் வித்துகள் சீஸிலிருந்து வரவில்லை, டப்பாவிலிருந்தும் ட்ரேயிலிருந்தும் வருகின்றன. எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். டப்பாவை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள். ட்ரேயின் ஓரங்களையும் கதவு ரப்பரின் மடிப்பையும் மறக்காமல் துடையுங்கள். பூஞ்சை ஒளிந்திருக்கும் இடம் அந்த மடிப்புதான். கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் டப்பா என்றால் மாற்றிவிடுவதே மேல். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் தொடர்ந்தால் கத்தியைப் பாருங்கள். நீலச் சீஸை வெட்டிய கத்தியாலேயே செடாரையும் வெட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி, அல்லது ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்த கத்தி.

ஒரு முறை எவ்வளவு வாங்குவது?

மென்மையான வகை என்றால் மூன்று நான்கு நாளில் தீர்கிற அளவு. கடினமானது இரண்டு வாரத்துக்கு. விலை மலிவு என்று பெரிய கட்டியை வாங்கினால், அன்றே வெட்டி, பாதியைக் காற்று உறிஞ்சி அடையுங்கள் அல்லது துருவி உறையவையுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கட்டியின் மறுமுனை தீர்வதற்குள் காய்ந்திருக்கும். ஆளுக்கு 30 கிராம் என்று கணக்கிட்டால் ஒரு வேளைக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும்.